கீலர் ஊருக்குப் போன வீடுகள்

கீலர், நெப்ராஸ்கா
8 டிசம்பர் 1879

அன்புள்ள ஆர்ஃபா,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் நெட்டியும் சுகமென்றே நம்புகிறேன். இடது கட்டைவிரல் நகம் மட்டும் போய்விட்டது. வீடு தூக்கும் ஜாக்கி நழுவி விழுந்தது. நகம்தானே, வளரும்.

நீ ஒருமுறை வந்து இந்த ஊரைப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் இங்கே புல்லும் நரி வளைகளும்தான் இருந்தன. இப்போது பனிக்கு மேலே, மனை அளந்து நட்ட முளைக்குச்சிகள் வரிசை வரிசையாக. ஒரு குச்சிக்கும் எதிர்க்குச்சிக்கும் நடுவில் நின்றால் வால்நட் தெருவில் நிற்கிறாய் என்று அர்த்தம். அடுத்தது எல்ம் தெரு, அதற்கடுத்தது செஸ்ட்நட் தெரு. எல்லாம் மரங்களின் பெயர்; கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. ரயில் கம்பெனியின் நில ஏஜென்டு ஸ்டெட்மனிடம் இதைச் சொன்னேன். "பேரு முதல்ல வரட்டும் லைமன், மரம் பின்னாலயே வரும்" என்றார். ஸ்டேஷனுக்குச் சுவர் எழும்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கால் நட்டாயிற்று. சாராயக்கடை இரண்டு திறந்துவிட்டார்கள்; மாதா கோவிலுக்கு இடம் மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டாயே. இந்த ரயில் தடத்தில் ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் பெயர் வைக்கிறார்கள். கிழக்கே ஐவர்சன், பிறகு ஜார்விஸ், அடுத்தது 'கே' எழுத்து, அதனால் கீலர். கீலர் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அடுத்த ஊர் 'எல்' எழுத்தில் வர வேண்டுமாம். "உன் பேரையே வெச்சிடலாமா?" என்று ஸ்டெட்மன் முதுகில் தட்டினார். சிரித்துவிட்டேன். ஆனாலும் அன்று முழுக்க மனசு அதிலேயே இருந்தது.

நம் வில்லோ ஃபோர்டிலிருந்து இதுவரை ஒன்பது கட்டடங்களை இழுத்து வந்துவிட்டோம். போஹீமியாக்காரர் வாட்ஸ்லாவின் எருதுகள் பன்னிரண்டு ஜோடி. வீட்டை ஜாக்கியால் தூக்கி, அடியில் நீளக் கட்டைகளைக் கொடுத்து, பனியின் மேல் சறுக்கவிட்டு இழுத்துப் போகிறோம். பிளம்மரின் மளிகைக்கடை இரண்டு நாள் நடுவெளியில் நின்றுவிட்டது. மனுஷர் கடையை மூடினாரா? இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பனியில் நடந்து வந்து காப்பிக்கொட்டை வாங்கிப் போனார்கள். ஊர் இல்லாத இடத்தில் கடை!

முக்கியமான சேதிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே மூலைமனை நமக்கு. ஸ்டெட்மன் என் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டார். நம் வீட்டுத் தபால் நிலையம் நம்மோடு கீலருக்கு வந்துவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தபால் நிலையம் வந்தால் ஊர் நிலைக்கும் என்கிறார். பிப்ரவரியில் நம் வீட்டைத் தூக்குகிறேன். பீங்கான் பாத்திரங்களை மட்டும் வைக்கோலில் சுற்றி வை. மற்றதெல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நெட்டிக்கு முத்தம்.

உன்
லைமன்

வில்லோ ஃபோர்ட்
12 டிசம்பர் 1879

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் கடிதம் செவ்வாயன்று, தபால் பை கொண்டுவரும் ஏப்னர் தாத்தாவின் கோவேறு கழுதை மேல் வந்து சேர்ந்தது. உங்கள் ஊரில் தபால் நிலையம் இல்லையே, அதனால் அதற்கு முத்திரை குத்தியவளும் நான்தான். என் புருஷன் எனக்கு எழுதிய கடிதத்துக்கு நானே முத்திரை குத்தி நானே என் கையில் கொடுத்துக்கொண்டேன். ஏப்னர் தாத்தா சிரித்தார்: "ஏழு மைல்ல இருக்கற ஆளு எட்டிப்பார்க்கக் கூடாதா? கால் வலிக்குதோ?"

விரலுக்குப் பன்றிக்கொழுப்பு தடவிக் கட்டுங்கள். அழுக்குப் படவிடாதீர்கள்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்று உண்டா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை. மனை வாங்கியாயிற்று, வாக்குக் கொடுத்தாயிற்று, வீட்டைத் தூக்கும் மாதம் வரைக்கும் குறித்தாயிற்று. பீங்கானைச் சுற்றுவதற்கு மட்டும் நான்.

இண்டியானாவில் ஆப்பிள் கன்று வைத்தேன்; முதல் பூ பூக்குமுன் கிளம்பினோம். இல்லினாயில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் கண்ட அதே மாதம் கிளம்பினோம். அயோவாவில் ஜன்னலுக்குத் திரை தைக்க எடுத்த துணியை இங்கே வந்துதான் தைத்தேன். அங்கெல்லாம் நான் வாய் திறந்தேனா? ஒவ்வொரு முறையும், "இதுதான் கடைசி, ஆர்ஃபா" என்பீர்கள். வண்டியில் ஏறி உட்காருவேன்.

இந்தத் தபால் நிலையம் அப்படியல்ல. வாஷிங்டனிலிருந்து வந்த நியமனக் கடிதத்தில் என் பெயர் இருக்கிறது. இருபத்திரண்டு அறை வைத்த இந்த அலமாரியில் யாருடைய கடிதம் எந்த அறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். இந்த ஊரில் இன்னும் பதினொரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு மனை எழுதிக்கொடுக்க ஸ்டெட்மன் வரவில்லை. மாரென் ஸ்கோவுக்கு டென்மார்க்கிலிருந்து தங்கை எழுதும் கடிதம் வருஷத்துக்கு இரண்டு. அதற்காக அவள் வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்கிறாள். அவள் நிற்க ஓர் இடம் வேண்டாமா?

என்னுடையதை நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். நான் வருவதாக இல்லை.

நெட்டிக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டும் என்று யாரையும் தொடவிடவில்லை.

ஆர்ஃபா

கீலர்
2 ஜனவரி 1880

அன்புள்ள ஆர்ஃபா,

புது வருஷ வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு வந்த இரண்டு நாளும் நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உப்பு வேண்டுமா, காப்பி வேண்டுமா என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் என்னவோ ஊர் சுற்றுவதற்காகவே பிறந்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார். ரயில் வில்லோ ஃபோர்டுக்கு ஏழு மைல் தள்ளிப் போகிறது. தடம் போகாத ஊர் என்ன ஆகும் என்று அயோவாவில் பார்த்தோமே. பள்ளிக்கூடக் கூரையில் கோதுமை முளைத்திருந்ததே. நான் எங்கேயும் ஓடவில்லை. ஊர்தான் ஓடுகிறது, நான் பின்னால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

ஸ்டெட்மன் தினமும் கேட்கிறார். "என்னப்பா, வீட்டுல மகாராணி உத்தரவு குடுத்தாச்சா?" என்கிறார். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். முதல் ரயில் மார்ச் ஒன்றாம் தேதி. அதற்குள் மனையில் கட்டடம் நிற்காவிட்டால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அதே கெடுதான்.

மாரென் ஸ்கோவ் வர ஒப்புக்கொண்டுவிட்டாள். தங்கை கடிதம் எந்த ஊருக்கு வந்தால் என்ன, நாலு மனிதர் முகம் தெரிந்தால் போதும் என்கிறாள். அவளுடைய வீட்டைப் பிப்ரவரி நடுவில் எடுக்கிறேன். அது முடிந்ததும் நம்முடையது. அதற்குள் உன் மனசு மாறும்.

மேப்பிள் சர்க்கரைக் கட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். நெட்டி பல் இன்னும் நன்றாக ஆடட்டும்; ஒருவரும் தொட வேண்டாம், நானே வந்து பிடுங்குகிறேன்.

உன்
லைமன்

வில்லோ ஃபோர்ட்
10 பிப்ரவரி 1880

அன்புள்ள கணவருக்கு,

இது சண்டைக் கடிதம் அல்ல. அவசரம். ஏப்னர் தாத்தா கையில் கொடுத்து, உங்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாலு நாளாகத் தெற்குக் காற்று. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தபடி இருக்கிறது. கீலருக்குப் போகும் வழியில் ப்ளம் ஓடையில் பனிக்கட்டியின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது. ஏப்னர் தாத்தா இன்று கழுதையை விட்டு இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்து கடந்தாராம். "இருபது வருஷமா இந்த ஓடையத் தாண்டறேன். இன்னிக்கு அடியில இருந்து முனகுது. உன் புருஷங்கிட்ட சொல்லு, கழுதைக்கே பயம் வந்துடுச்சு, வீட்டுக்கு வராதா?" என்றார்.

மாரென் வீட்டைச் சனிக்கிழமை எடுக்க வேண்டாம். இன்னொரு உறைபனி வரட்டும். வராவிட்டால் கோடையில் மேற்குப் பக்கம் சுற்றி உருளைக்கட்டையில் இழுக்கலாம். மனை போனால் போகட்டும்.

மாரென் நேற்று வந்தாள். "லைமன் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒன்பது கட்டடம் கொண்டுபோனவனாச்சே" என்றாள். அவள் அப்படி நம்புவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

ஆர்ஃபா

கீலர்
12 பிப்ரவரி 1880

ஆர்ஃபா,

கடிதம் கிடைத்தது. பனிக்கட்டியை அளந்து பார்த்துவிட்டேன். பதினாலு அங்குலம் கனம். அதன்மேல் ரயில் எஞ்சினையே நிறுத்தலாம். ஏப்னர் கிழவருக்கு வயதாகிறது.

சனிக்கிழமை காலை வருகிறோம். அடுப்பை அணைக்க வேண்டாம் என்று மாரெனிடம் சொல். வீடு சூடாக இருந்தால் சுவர்ச் சாந்து வெடிக்காது. அவளும் உள்ளேயே இருக்கட்டும், வெளியே காற்று அதிகம்.

லைமன்

வில்லோ ஃபோர்ட்
16 பிப்ரவரி 1880

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் கரையேறி, போர்த்திய கம்பளியை உதறிவிட்டு, ஈர உடுப்போடு நடந்தே போய்விட்டீர்கள். நான் கூப்பிட்டேன். காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் அதற்குள் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன். பிறகு நீங்களும் ஒருவிதமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

முன் ஜோடி எருதுகள் அந்தக் கரையில் கால் வைத்துவிட்டன. மாரெனின் வீடு ஓடைக்கு நட்ட நடுவில். முதலில் ஒரு சத்தம், துணி கிழிவதுபோல. வாட்ஸ்லாவ் கோடரியால் இழுகயிற்றை வெட்டினார். வெட்டாவிட்டால் அத்தனை எருதும் போயிருக்கும். கடைசி இரண்டு ஜோடியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. வீடு அவசரப்படவில்லை. வாசல் பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, ஒரு கிழவி உட்காருவதுபோல உட்கார்ந்தது. புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. பிறகு புகைக்குப் பதில் ஆவி வந்தது.

நீங்கள் ஓடினீர்கள். யாரும் ஓடுவதற்கு முன்னால் ஓடினீர்கள். அதையும் எழுதுகிறேன். காலடியில் பனிக்கட்டி உடைய உடைய, பின் ஜன்னலை முழங்கையால் உடைத்து, இடுப்பளவு உள்ளே போய் மாரெனை இழுத்தீர்கள். அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. நீங்கள் வெளியே வந்த பிறகுதான் வந்தது.

மாரென் இப்போது நம் வீட்டில். அலமாரிக்குப் பின்னால் கட்டில் போட்டிருக்கிறேன். இரண்டு நாள் ஜுரம், இன்று தேவலை. "கையை நீட்டினான். 'இருடா, ரொட்டி இன்னும் வேகல'ன்னு சொல்லிட்டேன். அப்பத்தான் தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். தங்கை கடிதங்களெல்லாம் மாவுப் பீப்பாய்க்கு மேல் தகரப்பெட்டியில் இருந்தனவாம். பதினாறு வருஷத்துக் கடிதங்கள்.

கூரையின் உச்சி மட்டும் வெளியே தெரிகிறது. காக்கைகள் வந்து உட்காருகின்றன.

உங்களுக்கு ஜுரம் வந்ததா? கையில் கண்ணாடி வெட்டியிருந்ததே, யார் கட்டினார்கள்?

ஆர்ஃபா

வில்லோ ஃபோர்ட்
5 மார்ச் 1880

அன்புள்ள கணவருக்கு,

ஐந்து முறை தபால் பை வந்துவிட்டது. ஐந்து முறையும் கவிழ்த்து, உதறிப் பார்த்தேன்.

திங்களன்று உங்கள் முதல் ரயில் வந்ததாமே. காற்று இந்தப் பக்கம் வீசியதால் ஊதல் சத்தம் இங்கே கேட்டது. நெட்டி பலகையையும் சாக்குக்கட்டியையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வெறும் புல்தான். ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாரென், "இதுக்குத்தானா?" என்றாள்.

மிச்சமிருந்தவர்களில் ஏழு குடும்பம் மேற்கே சுற்றிக்கொண்டு போய்விட்டது. இப்போது நாலே வீடு. இந்த அலமாரியில் பதினெட்டு அறைகள் காலி.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் கோபம் இருக்கிறவளுக்கும் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரிய வேண்டும். ஒரு வரி போதும்.

நெட்டியின் பல் தானாகவே விழுந்துவிட்டது.

ஆர்ஃபா

கீலர்
22 மார்ச் 1880

ஆர்ஃபா,

பத்துத் தாள் கிழித்துவிட்டேன். இதையாவது முடித்துவிடுகிறேன்.

பதினாலு அங்குலம் என்று எழுதினேனே, அது பொய். பதினாலு என்பது ஜனவரியில் கரையோரமாக அளந்தது. அந்த வாரம் நான் அளக்கவேயில்லை. ஏப்னர் கிழவர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தபோது பனிக்கட்டியைத் துளைத்து அளக்கும் துளைப்பான் என் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. அளந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அளக்கவில்லை. மாரெனை உள்ளே இருக்கச் சொன்னதும் நான்தான்.

ஸ்டெட்மன் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "விடுப்பா, ஒரு வீடுதானே. ஊரு பொறக்கும்போது இதெல்லாம் நடக்கும்" என்றார். அவர் சிரித்த அந்த நிமிஷத்தில், எனக்கும் அதே சிரிப்பு இத்தனை மாதமாக இருந்தது என்று தோன்றியது. வெளியே வந்துவிட்டேன்.

மூலைமனையை மாரென் ஸ்கோவ் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டேன். அதில் கட்டடம் வேண்டுமே என்று, கெடுவுக்குள் பலகையால் மாடியோடு ஒரு கூடம் அடித்து நிறுத்தியிருக்கிறேன். கூரை பாதிதான் ஆயிற்று. பத்திரம் இதோடு இருக்கிறது. அவளிடம் கொடு. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அதுவும் ஒரு தந்திரம் போலத் தோன்றியதால் எழுதவில்லை.

நாளைக் காலை வேலை ரயிலில் மேற்கே போகிறேன். அடுத்தடுத்த ஊர்களுக்கு ஸ்டேஷன் கட்ட கம்பெனி ஆள் எடுக்கிறது. இந்தத் தெருவில் நடக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வீடும் நான் கொண்டுவந்து வைத்தது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் யாரோ பார்க்கிறார்கள்.

'எல்' எழுத்து ஊருக்கு லாத்ராப் என்று பெயர் வைத்தாயிற்று. யாரோ டைரக்டராம்.

லைமன்

கீலர்
2 ஜூலை 1880

அன்புள்ள கணவருக்கு,

தேதிக்கு மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். மேலதிகாரிகளிடமிருந்து ஏப்ரலில் உத்தரவு வந்தது. வில்லோ ஃபோர்ட் தபால் நிலையம் மே முடிவோடு மூடப்படும், கீலரில் புதிதாகத் திறக்கப்படும் என்று. ஸ்டெட்மன் அந்த வேலைக்குத் தன் மைத்துனரின் பெயரை அனுப்பியிருந்தாராம். நானும் மனுப் போட்டேன். நாலு வீட்டுக்காரர்கள், சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள், ஏப்னர் தாத்தாவின் கைநாட்டு உள்பட அறுபத்தொரு கையெழுத்து. எனக்கே கிடைத்தது.

மே மாதம் மண் இறுகியதும் வாட்ஸ்லாவிடம் நானே போய்ப் பேசினேன். "இந்த முறை எந்த வழியாப் போகணும்னு நீங்க சொல்லுங்கம்மா" என்றார். மேற்கே பதிமூன்று மைல் சுற்றி, ஓடை முழங்கால் ஆழம் ஓடும் இடத்தில், ஆறு நாள் ஆயிற்று. மாரென் வீட்டுக்குள் உட்கார மறுத்துவிட்டாள். பதிமூன்று மைலும் வீட்டுக்கு முன்னாலேயே நடந்தாள். வழியில் வாலைக் கிலுக்கும் ராட்டில்பாம்பு ஒன்று, இரண்டு மழை. நெட்டி ஜன்னலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டினாள். நம் வீடு செஸ்ட்நட் தெருவில், தடத்துக்குப் பின்புறம் இருக்கிறது. பீங்கானில் ஒரு தட்டுத்தான் உடைந்தது.

பத்திரத்தை மாரெனிடம் அன்றே கொடுத்தேன். எழுதியதையும் படித்துக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது. "மண்ணைக் குடுத்துட்டு ஓடினா ஆச்சா? மிச்சக் கூரையை எவன் போடுவான்?" என்று கத்தினாள். பிறகு அவளே ஏணியில் ஏறி ஆணி அடித்தாள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க இங்கே இருபது நிமிஷம் நிற்கிறது. அந்த இருபது நிமிஷத்தில் அந்தக் கூடத்திலேயே நாற்பது பேருக்கு மொச்சையும் பன்றி வறுவலும் கறுப்பு ரொட்டியும் போடுகிறாள். "மெல்லாம விழுங்கு, வண்டி போயிடும்" என்று பெரிய பெரிய தொப்பிக்காரர்களை அதட்டுகிறாள். தங்கைக்கு அவளே எழுதினாள், பழைய கடிதமெல்லாம் போய்விட்டது, ஞாபகம் இருக்கிறதையெல்லாம் மறுபடி எழுது என்று.

நீங்கள் அனுப்பும் சம்பளம் ஒழுங்காக வருகிறது. அதோடு ஒரு வரியும் வருவதில்லை. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வது எவ்வளவு மோசமான வேலை என்று ஒரு தபால்காரியைக் கேட்டால் சொல்வாள்.

ஆர்ஃபா

நார்டன்
17 ஆகஸ்ட் 1880

அன்புள்ள ஆர்ஃபா,

உன் கடிதம் லாத்ராப், மெய்ட்லண்ட் என்று என்னைத் துரத்திக்கொண்டு இரண்டு ஊர் தாண்டி இங்கே வந்து பிடித்தது. நாற்பது தடவை படித்துவிட்டேன். பதிமூன்று மைல் சுற்றினாயா? நான் கொண்டுபோயிருந்தால் பதினொன்றில் முடித்திருப்பேன் என்று முதலில் தோன்றியது. என் புத்தியைப் பார்.

நான் கட்டியது மூன்று ஸ்டேஷன். மூன்றும் ஒரே வரைபடம். கதவு, ஜன்னல், டிக்கெட் தரும் இடம், எல்லாம் ஒரே அளவு. தெருக்களும் அப்படித்தான். வால்நட், எல்ம், செஸ்ட்நட். போன வாரம் வேலை முடிந்து சாயங்காலம் நடந்துகொண்டிருந்தேன். எதையும் யோசிக்காமல் எல்ம் தெரு முனையில் இடது பக்கம் திரும்பி, மூன்றாவது மனைக்குப் போய், கால் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றேன். அங்கே புல்லும் ஒரு முளைக்குச்சியும்தான். நம் வீடு அந்த இடத்தில் இருப்பதாக என் காலே முடிவுசெய்திருக்கிறது. நம் வீடு செஸ்ட்நட் தெருவில் என்று நீ எழுதியதுகூட அதற்குத் தெரியவில்லை. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒருத்தி, "யாரைப் பார்க்கணும் அண்ணே?" என்று கேட்டாள். தொப்பியைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

முன்பெல்லாம் அடுத்த ஊர் என்றால் நெஞ்சு துடிக்கும். இப்போதும் கால் நிற்கமாட்டேன் என்கிறது. போகும் இடம் எல்லாம் ஒன்றேயாக இருந்தால் இது போவதா, ஒரே இடத்தில் சுற்றுவதா என்று தெரியவில்லை. 'ஓ' எழுத்து ஊருக்கு ஆள் கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆர்ஃபா, நான் வரலாமா?

வருகிறேன் என்று எழுதி, அடித்துவிட்டு, இப்படி எழுதியிருக்கிறேன். அடித்தது தெரியும், பார்த்துக்கொள். வேண்டாமென்றால் ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் புரிந்துகொள்கிறேன்.

நெட்டி என்னைக் கேட்கிறாளா?

உன்
லைமன்

கீலர்
3 செப்டம்பர் 1880

அன்புள்ள லைமன்,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாக மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். "வாருங்கள்" என்று எழுத முடிகிறது. "வேண்டாம்" என்றும் எழுத முடிகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். இங்கே வந்த பிறகு எனக்குள் ஏதோ நிலைகொள்ளவில்லை. தபால் பைகளில் டென்வர், சாக்ரமென்டோ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கிழக்கேயிருந்து வந்த ரயில் மேற்கே கிளம்பும்போது கையில் கடிதக்கட்டை வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி மறையும் வரைக்கும் வாசலில் நிற்கிறேன். நகர மாட்டேன் என்று உங்களோடு மல்லுக்கு நின்றவள் நான். உங்கள் காலில் இருந்தது என்னவென்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.

மாரெனிடம் கேட்டேன். அவளைக் கேட்காமல் உங்களுக்கு நான் என்ன சொல்வது? மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவை இன்னும் இரண்டு முறை அடித்துத் திருப்பினாள். பிறகு, "மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. வந்து இருக்கட்டும். ஆனா வடக்குப் பக்கம் கூரை ஒழுகுது, முதல்ல அதைப் பார்க்கணும்" என்றாள். நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள்: "மூணு வேளையும் என் கையாலதான் சாப்பிடணும், சொல்லிடு. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு சாப்பிடணும்."

ஆகவே வாருங்கள். இந்த வீட்டுக்கு அல்ல, அந்த அறைக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வரலாம். கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள், நான் வந்து திறப்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. நடுவில் உங்கள் கால் அரித்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். எனக்கு அரித்தால் உங்களிடம் சொல்கிறேன். சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம், ஸ்டெட்மன் இல்லாமல்.

மேற்கேயிருந்து ரயில் மத்தியானம் மூன்றே காலுக்கு வருகிறது. நான் ஸ்டேஷனுக்கு வர முடியாது, பை பிரிக்கும் நேரம். நெட்டி வந்து நிற்பாள். தினமும் உங்களைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, பதில் வருமுன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். இந்த ஆறு மாதத்தில் நிறைய வளர்ந்திருக்கிறாள், பின்னலைத் தூக்கி முடிந்துகொள்கிறாள். பெட்டியிலிருந்து இறங்கியதும் நன்றாகப் பாருங்கள். தெரியாதவள்போல அவளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஆர்ஃபா